தாம்போதியில் இன்டர்வெல்

மன்னாரில் நடுரோட்டில் நின்று மூச்சு வாங்க இரண்டு பேருக்குத்தான் உரிமை உண்டு, ஒன்று கழுதை, மற்றது அந்த அக்கா என்று எங்கள் கம்பனி லொறி ஓட்டுகிறவர் சொல்லுவார். விடியும் நேரத்தில் அவர் ஐஸ் ஏற்றிக்கொண்டு தாம்போதியால் வரும்போது, இரண்டு பக்கமும் கடல், நடுவில் ரோட்டு, அந்த ரோட்டின் ஓரத்தில் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அக்கா நிற்பார். ஹோண் அடித்தாலும் திரும்பமாட்டார். இந்தப் பகிடி சுற்றிச் சுற்றிக் கடைசியில் அக்காவின் காதுக்கே போனது. கோபிப்பார் என்று நினைத்தோம்.

"கழுதை விவரமான சீவன்" என்றார். "ஏத்தினதைச் சுமக்கும். ஆனா நிக்கவேணும் எண்டு நினைச்சுதெண்டா நிண்டிடும். பிறகு நீங்கள் தடி எடுத்தாலும் ஒண்டுதான், தோத்திரம் பாடினாலும் ஒண்டுதான்."

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. "என்ர பேரை ஏன் தம்பி சந்திக்கு இழுக்கிறீர்?" என்று கேட்பார். பெயர் இல்லாமலே தீவில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். ரேஸ் அக்கா என்பார்கள். பகிடிக்கு வைத்த பெயர். அவரும் அதற்கே திரும்பிப் பார்த்து, பகிடியை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டிருந்தார்.

நான் அவரோடு பழகியது நண்டுக் கம்பனியில். நீலக்கால் நண்டை அவித்துத் தட்டு தட்டாகக் கொண்டுவந்து, நீளமான எவர்சில்வர் மேசைகளில் கொட்டுவார்கள். மேசைக்கு இரண்டு பக்கமும் பெண்கள் நின்று, சின்னக் கத்தியால் ஓட்டைப் பிரித்துச் சதையை எடுப்பார்கள். தரையில் எப்போதும் ஐஸ் தண்ணீர். காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் வலைத்தொப்பி. காலையில் நின்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் உட்காரலாம்; பிறகு பின்னேரம் வரை மறுபடியும் நிற்கவேண்டும். உட்கார்ந்தால் கை மந்தமாகிவிடும் என்பது மனேச்சரின் சட்டம்.

அந்த மண்டபத்தில் ஒரேயொரு கதிரை இருந்தது. அது என்னுடையது. தராசுக்குப் பக்கத்தில் இருந்து, சதையில் ஓட்டுத்துண்டு கிடக்கிறதா என்று பார்த்து நிறுக்கிற வேலை எனக்கு. பட்டம் முடித்துவிட்டு அரசாங்க நியமனத்துக்காகக் காத்திருந்த காலம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காகக் கடந்தவன் நான்தான் முதல். என் அப்பா மீன் துறையில் ஐஸ் உடைக்கிறவர். அதனால் அந்தக் கதிரையில் நான் நிமிர்ந்துதான் இருப்பேன், பரீட்சை மண்டபத்தில் இருப்பதுபோல. முதல் நாளே அக்கா கத்தியைக் கழுவிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"படிச்சாக் கதிரை கிடைக்கும் எண்டு எங்கட ஐயா சொன்னவர். நான் நம்பேல்லை. இப்ப கண்ணாலை கண்டிட்டன்."

மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

அவர் ஏன் ஓடத் தொடங்கினார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். மாமியாருக்குச் சொன்னது, சீனி வருத்தம் வரப்பார்க்குது எண்டு டொக்டர் சொன்னவர். கோயில் சுவாமிக்குச் சொன்னது, உடம்பு கனத்துப்போச்சு சுவாமி. கடல்தொழில் செய்கிற புருஷனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. எனக்குச் சொன்னது வேறு.

"நான் அரிப்புக் கிராமத்திலை பிறந்தனான். எங்கட ஆம்பிளையள் எல்லாரும் கடலுக்குப் போய், தூரத்திலை நிண்டு ஊரைப் பாத்திருக்கினம். நான் பாத்ததில்லை. ஒரு நாள் சும்மா தாம்போதியிலை நடந்துபோய் நடுவிலை நிண்டு திரும்பிப் பாத்தன். கோட்டை, கோயில், பள்ளிவாசல், அங்கால கரண்ட் எடுக்கிற காத்தாடி எல்லாம் ஒரு கைக்குள்ளை அடங்குது. நல்லாத்தான் இருந்தது. அடுத்த நாள் கெதியாப் போகவேணும் எண்டு ஓடினன்."

மகன் கழித்துவிட்ட வெள்ளைப் பள்ளிக்கூடச் சப்பாத்து, புருஷனின் பழைய உதைபந்தாட்ட ஜேர்சி, அதற்குக் கீழே முழங்காலைத் தாண்டிய பாவாடை. இதுதான் அவருடைய ஓட்ட உடுப்பு. ஒரே வேகத்தில் ஓடுவார். போகும்போதும் அதே வேகம், வரும்போதும் அதே வேகம். நான் கம்பஸில் படிக்கும்போது ஐயாயிரம் மீற்றர் ஓடியவன். பெரிய ஆளில்லை, ஆனால் வாசித்திருந்தேன். இப்படியே ஓடினால் வேகம் கூடாது என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் தேத்தண்ணி நேரத்தில் அக்கறையாகப் போய்ச் சொன்னேன்.

"அக்கா, நீங்கள் இன்டர்வெல் ட்ரெய்னிங் செய்யவேணும்."

"என்ன செய்யவேணும்?"

"இன்டர்வெல் ட்ரெய்னிங்."

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். "இன்டர்வெல் எண்டாப் பள்ளிக்கூடத்திலை மணி அடிச்சுச் சாப்பிட விடுறதெல்லோ? அதுக்கும் ட்ரெய்னிங் இருக்கோ?"

நான் விளக்கினேன். கொஞ்சத் தூரம் முழு வேகத்தில் ஓடவேண்டும். பிறகு மெல்ல நடந்து மூச்சைத் திரும்ப எடுக்கவேண்டும். பிறகு மறுபடியும் வேகம். அந்த வேகமான துண்டுக்குத்தான் இன்டர்வெல் என்று பெயர் என்றேன்.

"அதெப்பிடித் தம்பி? பாடம் எண்டாப் பாடம். இன்டர்வெல் எண்டா இன்டர்வெல். ஓடுறது பாடம். நிக்கிறதுதான் இன்டர்வெல்."

"இல்லை அக்கா, இங்கிலீஷிலை..."

"இங்கிலீஷ்காரன் பேர் வைச்சிருக்கிறானே. இன்டர்வெல் ட்ரெய்னிங் எண்டு. பாட ட்ரெய்னிங் எண்டு வைக்கேல்லையே? ஓட எனக்குத் தெரியும். நிக்கத்தான் தெரியாது. அதைத்தான் பழகவேணும் எண்டு அவன் சொல்லுறான்."

அன்று தொடக்கம் அதை எவராலும் திருத்த முடியவில்லை. வேகமாக ஓடுவது பாடம். ஓய்வு இன்டர்வெல். தாம்போதியின் லைற் போஸ்ற்றுகளைக் கணக்கு வைத்துப் பாடம் ஓடுவார், பிறகு இன்டர்வெல். பாடத்தில் அவர் சில நாள் களவு செய்வதுண்டு, ஒரு போஸ்ற் குறைத்து விடுவார். இன்டர்வெல்லில் ஒரு நாளும் களவு செய்ததில்லை. நான் சைக்கிளில் பக்கத்தில் போய், "காணும் அக்கா, மூச்சு வந்திட்டுது, வெளிக்கிடுங்கோ" என்று அவசரப்படுத்தினால் ஒரே கேள்விதான்.

"மணி அடிச்சது நீரோ?"

இது வெறும் பிடிவாதம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஒரு முறை தாம்போதியின் கல்லில் இருந்துகொண்டு அவராகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் மற்றப் பிள்ளைகள் விளையாடுவார்களாம். இவர் வீட்டுக்கு ஓடவேண்டும். அம்மா கரைக்குப் போயிருப்பார். கைக்குழந்தைத் தம்பிக்குச் சோறு ஊட்டி, வாய் துடைத்து, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அடுத்த மணிக்கு முன் திரும்பி ஓடிவந்து வாங்கில் இருக்கவேண்டும்.

"எல்லாருக்கும் அது இன்டர்வெல். எனக்கு அதுதான் ஓட்டம். எட்டாம் வகுப்போடை பள்ளிக்கூடத்தையே விட்டாச்சு. ஒரு இன்டர்வெல் எண்டாலும் நான் எடுக்கேல்லைத் தம்பி. அவ்வளவும் மிச்சம் கிடக்கு. இப்ப எடுக்கிறன்."

தாம்போதித் தலைப்பில் ஒரு காவலரண் உண்டு. புதிதாக வந்த ஒரு சிப்பாய், சின்னப் பெடியன், ஒரு நாள் அக்கா குனிந்து முழங்காலில் கையை வைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டு பதறி ஓடிவந்தான். "அக்கே, அசனீபத?" சுகமில்லையா என்று கேட்கிறான். அக்காவுக்குச் சிங்களம் அவ்வளவு வராது. கையை ஆட்டி, "நே மல்லி, நே. இன்டர்வெல்!" என்றார். பெடியன் முழித்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். அவனுடைய பள்ளிக்கூடத்திலும் அதற்கு அதே பெயர்தான். அதன்பிறகு அக்கா நிற்கும்போதெல்லாம் அரணுக்குள்ளிருந்து சத்தம் வரும். "அக்கே, இன்டவல் இவரத?" இன்டர்வெல் முடிந்ததா? "தவம நே!" இன்னும் இல்லை. அந்த இரண்டு சிங்களச் சொல்லையும் அக்கா அவனிடமேதான் பழகினார்.

வீட்டில் இவ்வளவு சுலபமில்லை. ஒரு சோளகக் காற்றுக் காலத்தில் காற்றோடு மல்லுக்கட்டி ஓடி, முழங்காலுக்குக் கீழ் முன் எலும்பில் நோ வந்துவிட்டது. ஒரு கிழமை ஓடக்கூடாது, ஐஸ் வைக்கவேண்டும் என்றேன். அப்பாவிடம் ஐஸ் வாங்கிக்கொண்டு பின்னேரம் நானே போனேன். அக்கா வீட்டுக்குள் ஒளிந்திருந்து ஐஸ் வைக்கவில்லை. கதிரையைத் தூக்கிக்கொண்டுவந்து, ரோட்டால் போகிறவர்கள் எல்லாரும் காணும்படி முற்றத்தில் போட்டு, ஐஸ் போட்ட பேசினுக்குள் காலை வைத்துக்கொண்டு இருந்தார். மாமியார் மீன் வெட்டிக்கொண்டே பேசத் தொடங்கினார்.

"ராசாத்தி மாதிரி இருக்கிறா. நாங்கள் என்ன ஐஸிலை காலை வைச்சோ பிள்ளை பெத்தம்? வேலை செய்த பொம்பிளைக்கு இளைப்பாற்றி செத்தாப்பிறகுதான்."

இளைப்பாற்றி என்பது எங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் இறந்தவர்களுக்காக மன்றாடும்போது வரும் சொல். உயிரோடு இருக்கிற ஒருவருக்கு அதை யாரும் கேட்டதில்லை. அக்கா காலை எடுக்கவில்லை.

"எனக்கெண்டு மேலை வைச்சிருக்கிறதிலை கொஞ்சத்தை இப்பவே எடுக்கிறன் மாமி. செத்தாப்பிறகு கழிச்சுக்கொண்டு மிச்சத்தைத் தரட்டும்."

மாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். ஆனால் வாய்க்குள் சிரிப்பு வந்ததை நான் கண்டேன்.

இப்போது ராத்தாவைப் பற்றிச் சொல்லவேண்டும். முசலிப் பக்கம் பிறந்து எருக்கலம்பிட்டியில் வாழ்க்கைப்பட்டவர். மேசையில் எல்லாரிலும் மூத்தவர். முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள்; எங்கள் எல்லாருக்கும் அவர் ராத்தாதான். கைவேகத்தில் அவரை வெல்ல ஆளில்லை. ஆனால் முழங்கால் இரண்டும் வீங்கி, பின்னேரமானால் பூட்ஸைக் கழற்றவே இன்னொருவர் இழுக்கவேண்டும். அவரைப் பார்த்துத்தான் பெண்கள் எல்லாரும் சேர்ந்து மனேச்சரிடம் போனார்கள். சம்பளம் கூட்டச் சொல்லவில்லை. மண்டபத்தில் உட்கார இரண்டு வாங்கு போடவேண்டும். காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் கொஞ்ச நேரம் இருக்கவிடவேண்டும். அவ்வளவுதான்.

மனேச்சர் கத்துகிற மனிதர் இல்லை. கத்தினால் பதில் சொல்லலாம். அவர் சிரிப்பார். முழுவதையும் கேட்டுவிட்டு, அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

"இவ காலமை தாம்போதி முழுக்க ஓடிப்போட்டுத்தானே வேலைக்கு வாறா? ஓடிப்போட்டு வாறவவே நிக்கிறா. ஓடாத உங்களுக்கு என்ன பிள்ளையள்?"

பெண்கள் ஒவ்வொருவராக மேசைக்குத் திரும்பினார்கள். அக்காவும் திரும்பினார். நான் அவரை அப்படி வாயடைத்து ஒரு முறைதான் கண்டிருக்கிறேன்.

அதன்பிறகு வாங்கு என்று யார் வாய் திறந்தாலும் அதே வசனம் வந்தது. சுப்பவைசரும் அதையே சொன்னார். லொறிக்காரர்கூடச் சொன்னார். அந்த மாதம் ஊர் விளையாட்டுக் கழகங்கள் சேர்ந்து உயிலங்குளத்திலிருந்து மன்னார் நகரம் வரை ஒரு ஓட்டம் வைப்பதாக அறிவித்தார்கள். அக்கா பெயர் கொடுத்தார். கம்பனி ரீ-சேட்டும் தண்ணீரும் கொடுக்க முன்வந்தது. "எங்கட கம்பனிப் பிள்ளை ஓடுது" என்று மனேச்சர் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சொல்லித் திரிந்தார். அவர் சொல்லச் சொல்ல மேசையில் முகங்கள் இறுகின.

ஒரு மத்தியானம், சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு ராத்தா நேரடியாகவே கேட்டார்.

"நீ ஓடாத புள்ளை."

"ஏன் ராத்தா?"

"நீ ஓட ஓட எங்கட வாங்கு தூரப் போகுது. நீ வென்றுட்டு வந்தா அந்தாள் உன்ர போட்டோவைச் சுவரிலை கொழுவி வைச்சு எங்களை ஆயுசுக்கும் நிக்கவைப்பான். உன்னிலை கோபமில்லை, அல்லா அறிய. என்ர காலுக்காகக் கேக்கிறன்."

மற்றவர்கள் தலை குனிந்து நகத்திலிருந்து நண்டுத் தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் ராத்தாவை மறுக்கவில்லை. அக்கா தன் சாப்பாட்டுப் பெட்டியையும் மூடினார். பிறகு கேட்டார்.

"நான் நிப்பாட்டினா வாங்கு வருமோ?"

"வரலாம்."

"வராது ராத்தா. என்னை விட்டிட்டு உங்களைப் பிடிப்பார். நோன்பு மாதத்திலை தண்ணி குடியாமல் நிண்டு நீங்கள் வேலை செய்யேல்லையோ? 'நோன்போடை நிண்ட ராத்தாவே நிக்கிறா, திண்டிட்டு வாற உங்களுக்கு என்ன?' எண்டு எங்களைக் கேப்பார். நீங்கள் நோன்பை விடுவீங்களோ?"

அக்கா பக்கத்தில் இருந்த ஒரு பிள்ளையின் தோளைத் தொட்டார்.

"இவள் போன ஆடியிலை மடு மாதா கோயிலுக்கு நடந்துபோனவள். 'மடுவுக்கு நடந்தவளே நிக்கிறாள்' எண்டுவார். எங்களிட்டை உள்ள நல்லது எல்லாத்தையும் எடுத்து எங்களுக்கே அடிப்பார். நாங்கள் ஒவ்வொண்டா விட்டுக்கொண்டு வரமுடியுமோ?" அவருக்கு மூச்சு ஏறிவிட்டது. கொஞ்சம் நிறுத்தினார். "நிக்க வைக்கிறது வேறை, நிக்கிறது வேறை. அதை அவருக்குக் காட்டவேணும். நான் ஓடுவன் ராத்தா. நீங்கள் பேசாமல் விட்டாலும் ஓடுவன்."

ராத்தா அன்றிலிருந்து ஓட்ட நாள் வரை அவரோடு பேசவில்லை. பக்கத்துப் பக்கத்தில் நின்று நண்டு உடைத்தார்கள். ஓட்டுத் தட்டைத் தள்ளவேண்டுமென்றால் முழங்கையால் தள்ளினார்கள். அக்கா அந்த நாட்களிலும் பாடத்தையும் இன்டர்வெல்லையும் விடவில்லை. ஆனால் நின்று மூச்சு வாங்கும்போது ஊரைத் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் சைக்கிளில் பக்கத்தில் போனேன். தொடங்கியவுடனேயே பள்ளிக்கூடப் பிள்ளைகள் பறந்தார்கள். அக்கா தன் கணக்கில் ஓடினார். நடக்கவேண்டிய இடம் வந்ததும் நடந்தார். வீதியோரச் சனம் விடவில்லை. "என்னக்கா, பஸ் பிடிப்பமோ?" "அக்காவுக்கு ஒரு ஓட்டோ சொல்லுங்கடா!" அக்கா அவர்களுக்குக் கையைக் காட்டிவிட்டு நடந்தார். முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக வாடத் தொடங்கினார்கள். வெயில் ஏறியிருந்தது. சோளகமும் தொடங்கிவிட்டது; தாம்போதியில் அது பக்கவாட்டில் வந்து ஆளைக் கடலுக்குள் தள்ளப்பார்க்கும். அந்தக் காற்றை அக்காவைப்போல அறிந்தவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. கொஞ்சம் சரிந்து, தோளால் அதை வெட்டிக்கொண்டு ஓடினார். காவலரணிலிருந்து பெடியன் கத்தினான். "அக்கே! இன்டவல்?" அக்கா சிரித்தார், நிற்கவில்லை. தாம்போதியின் பாதியில், வங்காலைப் பக்கத்து மாணவி ஒருத்தியையும் பிந்தவிட்டு, பெண்களில் அக்கா முன்னுக்கு வந்துவிட்டார். சைக்கிளை இறுக்கி மிதித்தேன். வெல்லப்போகிறார். நான் சொல்லிக்கொடுத்தது வெல்லப்போகிறது.

தாம்போதி முடிந்து தீவு தொடங்கும் இடத்தில், கோட்டைக்குக் கிட்டக் கம்பனியின் தண்ணீர் மேசை. எங்கள் பெண்களைக் கம்பனி ரீ-சேட் போடவைத்து, கையில் கோப்பைகளோடு வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையிலும் நிற்கிறார்கள். ராத்தா கடைசியில், மேசை விளிம்பில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு நின்றார். மனேச்சருக்கு மட்டும் கூடாரத்தின் கீழ் ஒரு கதிரை. அக்கா வருவதைக் கண்டதும் அவர் படம் எடுக்க எழும்பி முன்னுக்கு வந்தார்.

அங்கே நிற்கவேண்டிய கணக்கே இல்லை. நகரத்துக்குள் போய்த்தான் அடுத்த இன்டர்வெல். அக்கா வேகத்தைக் குறைத்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். மனேச்சரின் கதிரையை இழுத்தார். இருந்தார்.

"அக்கா!" என்று கத்தினேன். "பின்னுக்கு வாறாள் அக்கா! ஓடுங்கோ!"

மனேச்சர் போனைப் பிடித்தபடியே திரும்பினார். "என்னம்மா, சுகமில்லையோ? எழும்புங்கோ, முதலாவதா வாறீங்கள், சனம் பாக்குது!"

"பாக்கட்டும் சேர். இன்டர்வெல்."

ராத்தாவின் கையிலிருந்து கோப்பையை வாங்கி, மெதுவாக, மடக்கு மடக்காகக் குடித்தார். ரோட்டின் இரண்டு பக்கமும் சனம். எல்லார் கையிலும் போன். வங்காலைப் பிள்ளை காற்றில் தள்ளாடிக்கொண்டு எங்களைக் கடந்து போனாள். நான் சைக்கிள் ஹான்டிலில் அடித்தேன். அக்கா அவள் போவதைப் பார்த்தார். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். எழும்பினார். எழும்பிய கையோடு ராத்தாவின் தோளைப் பிடித்து, அந்தக் கதிரையில் இருத்தினார்.

"இருங்கோ ராத்தா. நான் ஓடிப்போட்டு வாறன்."

ஓடிவிட்டார். ராத்தா இருந்தபடியே இருந்தார். அத்தனை போன்களுக்கும் முன்னால் ஒரு வயதான மனுஷியை எழும்பு என்று சொல்ல மனேச்சருக்கு வாய் வரவில்லை. கூடாரத்துக்கு வெளியே வெயிலில் நின்றார். ராத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா இரண்டாவதாக வந்தார். எனக்குக் கோபம் அடங்கவில்லை. மைதானத்தில், அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, வெல்லவேண்டிய ஓட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டீர்கள் என்றேன்.

"முதலாவதா வந்திருந்தா மனேச்சர் சுவரிலை கொழுவ எண்டு ஒரு படம் இருந்திருக்கும்" என்றார். "இப்ப என்ன படத்தைப் போடப்போறார் சொல்லும்?"

அன்று பின்னேரமே தீவு முழுக்க ஒரே வீடியோ சுற்றியது. ஓடிவந்தவர் இருக்கிறார், தண்ணீர் குடிக்கிறார், எழும்பி மற்றவரை இருத்திவிட்டு மறுபடியும் ஓடுகிறார். பின்னால் கம்பனியின் பெயர் போட்ட பதாகை.

திங்கட்கிழமை காலை எல்லாரும் வழமைபோல மேசைக்கு வந்தார்கள். ஒரு தட்டு முடிந்தது, இரண்டாவது முடிந்தது. அக்கா வெறுந்தட்டைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, கத்திப் பிடியால் ஒரு அடி அடித்தார். மண்டபம் முழுக்கக் கணீர் என்றது.

"இன்டர்வெல்!"

மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு இருந்தார். அடுத்ததாகப் பெட்டி கவிழ்த்தவர் ராத்தா. பிறகு ஒவ்வொன்றாகப் பெட்டிகள் தரையில் விழுகிற சத்தம். கந்தோர் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் மனேச்சர் எழும்புவது தெரிந்தது. வெளியே வந்தார். அன்று அவர் சிரிக்கவில்லை.

"என்ன இது?"

"இன்டர்வெல் சேர்" என்றார் ராத்தா. அந்தச் சொல் அவர் வாயில் அன்றுதான் முதல் முறை வந்தது.

"யார் சொல்லி? ஓடினவ இருக்கட்டும். மற்றவையள் ஏன் இருக்கிறீங்கள்? இப்பிடியே ஒவ்வொருத்தரும் தங்கட எண்ணத்துக்கு..."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. ராத்தாவின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவருடைய மூச்சைப் பார்ப்பதுபோல. ராத்தா மெல்லத் தலையை ஆட்டினார். மனேச்சர் வசனத்தின் நடுவில் இருக்கும்போதே அக்கா தட்டில் மறுபடியும் அடித்தார். எல்லாரும் எழும்பினார்கள். பெட்டிகள் ஓரத்துக்குப் போயின. கத்திகள் நண்டுக்குள் இறங்கின. மேசையில் வேலை தொடங்கிவிட்டது. மனேச்சரின் வசனம் முடியவில்லை. யாரிடம் முடிப்பது என்று தெரியாமல் என்னிடம் திரும்பினார்.

"ஆர் முதலிலை இருந்தது?"

நான் எழும்பி நின்றேன். "நான்தான் சேர். காலமையிலிருந்து இருக்கிறன்."

மேசை சிரித்தது. இந்த முறை அது வேறு சிரிப்பு.

பின்னேரம் மனேச்சர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். ஓட்ட வீராங்கனை என்பதால் அவர் மட்டும் விரும்பின நேரம் இருக்கலாம், ஒரு ஸ்ரூல் தருகிறேன் என்றாராம். "எனக்கு வேண்டாம் சேர். எனக்குத் தாம்போதி இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அது நண்டு கூடப் படுகிற காலம். அந்தக் கைகளை வெளியே அனுப்பிவிட்டுக் கம்பனியை நடத்தமுடியாது. தட்டுமணி ஒவ்வொரு நாளும் அடித்தது. சில கிழமைக்குப் பிறகு இரண்டு வாங்கு வந்திறங்கியது, தீந்தைகூடப் பூசாமல். எல்லாரையும் கூப்பிட்டு, பிள்ளைகளின் நலனைத் தான் எப்போதும் யோசிப்பதாக மனேச்சர் ஒரு சின்னப் பேச்சுப் பேசினார். எனக்குப் பொறுக்கவில்லை. தான் கொடுத்ததுபோலச் சொல்லுறார் அக்கா என்று குசுகுசுத்தேன்.

"சொல்லட்டும் தம்பி" என்றார், கால்களை நீட்டிக்கொண்டு. "இருந்து கேக்கிறம்தானே."

அடுத்த ஆண்டு எனக்கு வவுனியாவில் ஆசிரியர் நியமனம் கிடைத்தது. சொல்லப் போனபோது அக்காவுக்குச் சந்தோஷம். மாமியார் தேத்தண்ணி தந்தார். புறப்படும்போது அக்கா படலை வரைக்கும் வந்து ஒன்றே ஒன்று சொன்னார். "பாடம் முடியேல்லை எண்டு பிள்ளையளின்ர இன்டர்வெல்லைக் கடிச்சுப்போடாதையும்."

நான் போன காலை முதல் பஸ். கோட்டையைக் கடந்து தாம்போதியில் ஏறியபோது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு லைற் போஸ்ற்றுக்குக் கீழே ஒரு உருவம், இடுப்பில் கை, முகம் ஊரைப் பார்த்தபடி. சாரதி ஆள் ஏறப்போகிறது என்று நினைத்து வேகத்தைக் குறைத்தார். பஸ் அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றே விட்டது. கொண்டக்டர் கதவால் எட்டி, "வாங்கோ அக்கா, வாங்கோ, கெதியா ஏறுங்கோ!" என்றார்.

அக்கா திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் ஆட்டினார். போ, போ.

"உந்த மனிசி ஆரப்பா?" என்று கொண்டக்டர் எரிச்சலோடு மணியை அடித்தார்.

பஸ் நகர்ந்தது. நான் பின் கண்ணாடிக்கு எட்டிப் பார்த்தேன். எங்கள் மணிக்கு அக்கா அசையவில்லை.